240இசட்டுக்கு மாற்று பிளாக்: எல்24-ஐயே தேடவா, எல்28-க்குப் போகவா?

நெடுஞ்சாலைக்காரன்:

வணக்கம். என்னுடையது 1971 மாடல் டாட்சன் 240இசட் கார், எஞ்சின் எல்24. மூன்றாவது சிலிண்டரின் கனெக்டிங் ராடு போல்ட் அறுந்து, ராடு பிளாக்கின் பக்கச் சுவரைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. உள்ளங்கை நுழையும் அளவுக்கு ஓட்டை. கிராங்கிலும் அந்த ராடு உட்காரும் ஜர்னல் போச்சு. ஹெட் மட்டும் தப்பித்தது. வார்ப்பு எண் இ31. கழற்றி, அழுத்தம் கொடுத்துச் சோதித்து, வால்வு எல்லாம் பார்த்தாயிற்று. நன்றாக இருக்கிறது.

இப்போது மூன்று பிளாக் கண்ணில் பட்டிருக்கின்றன:

ஒன்று, இன்னொரு எல்24. ஏற்கெனவே சிலிண்டர்களை ஒரு மில்லிமீட்டர் போர் செய்து (குடைந்து) 84-க்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

இரண்டாவது, ஆட்டோமேட்டிக் கியர் வைத்த ஒரு 280இசட்டிலிருந்து இறக்கிய எல்28, வார்ப்பு எண் என்42. கிராங்க், ராடு, குழிவான பிஸ்டன் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன.

மூன்றாவது, 280இசட்எக்ஸின் எல்28, வார்ப்பு எண் எஃப்54, வெறும் பிளாக். தட்டைத் தலை பிஸ்டன்கள் தனியாகத் தருகிறார்களாம்.

ரேஸ் ஓட்டப் போவதில்லை. வாரக் கடைசியில் மலைப்பாதை, எப்போதாவது நீண்ட பயணம். சாதாரண பெட்ரோல்தான். இரட்டை கார்புரேட்டரையும் என் கியர்பாக்ஸையும் மாற்ற விருப்பமில்லை. எல்லாரும் எஃப்54 தான் உறுதி என்கிறார்கள். அதையே எடுத்துவிடலாமா?

அசல்பிரியன்:

எதை வாங்கினாலும் சரி, உடைந்த பிளாக்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிளாக்கில் அடித்த எண்ணும் எஞ்சின் அறைத் தகட்டில் உள்ள எண்ணும் ஒத்துப்போகிற 240இசட் வரவர அருகிக்கொண்டே போகிறது. நீங்கள் சொல்கிற ஓட்டை தண்ணீர் ஜாக்கெட்டுக்குக் கீழே, கிராங்க் அறையின் சுவரில் இருந்தால் அங்கே எரிப்பு அழுத்தம் கிடையாது. வார்ப்பிரும்பை வெல்டு வைக்காமல் திருகு ஊசிகளால் தைத்துத் தகடு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மெயின் பேரிங் தாங்குகிற குறுக்குச் சுவர் விரியாமல் இருந்தால் பிழைக்கும். எண்ணெய் தடவி, துணி சுற்றி ஒரு மூலையில் வையுங்கள்.

கிரீஸ்கை:

தம்பி, "எஃப்54 உறுதி" என்பது பொய்யில்லை. எல்28-இலேயே பிந்தைய வார்ப்பு அது, சிலிண்டர்களுக்கு நடுவே கூடுதலாக இணைத்து வார்த்திருப்பார்கள். 89 மில்லிமீட்டருக்குக் குடைந்து, எல்டி28 டீசலின் 83 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலிருந்து கீழ் ஓடும் தூரம்) கிராங்கைப் போட்டு 3.1 லிட்டர் கட்டுகிறவர்கள் அதைத்தான் தேடி ஓடுவார்கள். நீங்கள் அதைக் கட்டப் போகிறீர்களா? இல்லையே. அப்படியானால் அந்த உறுதி உங்களுக்கு எதற்கு?

முதலில் எல்24-ஐக் கழித்துவிடுவோம். 84-க்குப் போன எல்24-இல் அடுத்த போருக்குச் சுவர் மிச்சமில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு பிஸ்டன் கீறினால் சிலிண்டருக்குள் ஸ்லீவ் (இரும்புக் குழாய்) போடுவதுதான் வழி. உங்களுக்குக் கிராங்கும் இல்லை. தேடிப்பிடித்து எல்லாம் வாங்கி அதில் கட்டுவதற்கு ஒரே நியாயம் 'எல்24' என்று பிளாக்கில் எழுதியிருப்பது. எண் எப்படியும் உங்களுடையது இல்லை.

எல்28 வெளியளவில் அப்படியே உட்காரும். எஞ்சின் மவுண்ட், பெல் ஹவுசிங் துளைகள், ஆயில் சம்ப் எல்லாம் பொருந்தும். எல்24 என்பது 83 போர், 73.7 ஸ்ட்ரோக், 2393 சிசி. எல்28 என்பது 86, 79, 2753 சிசி. மலைப்பாதையில் அந்த 360 சிசி மூன்றாம் கியரிலேயே தெரியும்.

இனி ஹெட் விஷயம். நீங்கள் வைத்துக்கொள்ளப் போவது இ31. அதன் எரிப்பறை 42.4 சிசி, எல் வரிசையிலேயே மிகச் சின்னவற்றில் ஒன்று. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

எல்28-இல் ஒரு சிலிண்டர் சுமார் 459 சிசி. கேஸ்கட் கனத்துக்கு 7.5 சிசி வையுங்கள். என்42-இன் பிஸ்டன் குழி சுமார் 11 சிசி. எரிப்பறையோடு சேர்த்து மூன்றையும் கூட்டினால் மேலே மிஞ்சும் இடம் 61 சிசி. 459-உடன் 61-ஐச் சேர்த்து 61-ஆல் வகுத்தால் 8.5. அதுதான் கம்ப்ரஷன், கலவை எத்தனை மடங்கு அமுங்குகிறது என்ற கணக்கு. எந்த பெட்ரோலும் ஊற்றலாம்.

அதே இ31-ஐ எஃப்54-இன் தட்டைத் தலை பிஸ்டன் மேல் வையுங்கள். குழி போய்விட்டது. அந்த பிஸ்டன் பிளாக் மேல்தளத்தைவிடக் கொஞ்சம் மேலே எட்டிப் பார்க்கும் வேறு. மிஞ்சுவது ஏறத்தாழ 48 சிசி. கம்ப்ரஷன் 10.5-ஐத் தாண்டிவிடும். சாதாரண பெட்ரோலில் ஏற்றத்தில் மிதித்தால் டக் டக் என்று தட்டும். அதை அடக்க இக்னிஷனைப் பின்னுக்குத் தள்ளுவீர்கள், பெரிய எஞ்சின் வைத்ததன் பலன் அதிலேயே போய்விடும்.

அதனால் வார்ப்பு எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். போர் கேஜ் எடுத்துக்கொண்டு போய் இரண்டு எல்28-ஐயும் அளந்து இங்கே போடுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் மேலே, நடுவில், கீழே. கிராங்க் நீளவாட்டத்தில் ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை. முடிந்தால் அல்ட்ராசோனிக் கருவியால் சுவர் கனமும் பார்த்துவிடுங்கள். பிஸ்டன் சாய்ந்து அழுத்துகிற பக்கம்தான் முக்கியம். மேல்தளத்தில் நேர்கோல் வைத்து அடியில் ஃபீலர் கேஜ் விடுங்கள். 0.1 மில்லிமீட்டர் நுழைந்தால் தளம் சீவ வேண்டும். பிளாக்கின் தண்ணீர் வழியை அடைத்திருக்கும் கோர் பிளக் ஒன்றைத் தட்டி எடுத்து, கடைசி இரண்டு சிலிண்டர் பக்கம் விரலை விட்டுப் பாருங்கள். கூலன்ட் இல்லாமல் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய எஞ்சினாக இருந்தால் துருச்சேறு களிமண்ணாக வரும்.

சுற்றுப்பாதை:

கிரீஸ்கை அண்ணன் சொன்ன கணக்கு சரிதான். ஆனால் இ31-ஐக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏன் அழவேண்டும்? எஃப்54-உடன் அதற்கே உரிய பி79 ஹெட்டையும் வாங்குங்கள். எரிப்பறை 53.6 சிசி. கம்பெனியே 8.8-இல் விற்ற ஜோடி. தலைவலி இல்லை.

கிரீஸ்கை:

இருக்கிறது. பி79-இன் எக்ஸாஸ்ட் துளை வட்டம், உள்ளே லைனர் வேறு. இவர் காரில் இருக்கும் மேனிஃபோல்டு சதுரத் துளைக்குச் செய்தது. அடுத்து, இவருடைய பெட்ரோல் பம்ப் ஹெட்டில் உட்கார்ந்து, கேம் முனையிலுள்ள எசென்ட்ரிக்கால் (மையம் விலகிய வட்டு) ஓடுகிறது. இன்ஜெக்ஷன் எஞ்சினின் ஹெட்டில் அந்த எசென்ட்ரிக் இருக்காது. எல்லாவற்றையும் சரிசெய்யலாம், மறுக்கவில்லை. சோதித்து நன்றாக இருக்கும் ஒரு இ31 கையில் இருக்கும்போது நான் செய்யமாட்டேன்.

நெடுஞ்சாலைக்காரன்:

இரண்டையும் பார்த்துவிட்டு வந்தேன்.

என்42: ஐந்தாவது சிலிண்டரின் மேல் பகுதி குறுக்குவாட்டில் 86.11. மற்றவை 86.04 முதல் 86.07 வரை. மேல்தளத்தில் 0.05 நுழையவில்லை. கோர் பிளக் எடுக்க விட்டார்கள். பழுப்பாகக் கொஞ்சம் பொடி, சேறு இல்லை. அழுத்துகிற பக்கச் சுவர் எல்லாச் சிலிண்டரிலும் நன்றாகக் கனமாகத்தான் இருக்கிறது.

எஃப்54: எல்லாம் 86.03-க்குள். பளபளவென்று இருக்கிறது. மெயின் கேப்கள் (கிராங்கைக் கீழிருந்து பிடிக்கும் மூடிகள்) மட்டும் பிளாக்கில் இல்லை. வேறொரு பெட்டியில் நிறையக் கேப்கள் கிடக்கின்றன, அதிலிருந்து ஏழு எடுத்துத் தருகிறேன் என்கிறார்.

ஐந்தாவது சிலிண்டர் அப்படித் தேய்ந்திருப்பதால் என்42 வேண்டாம், எஃப்54-ஐயே எடுத்து என்42-இன் குழிவு பிஸ்டன்களை அதில் போட்டுக்கொள்ளலாமா என்று யோசனை.

கிரீஸ்கை:

அந்தப் பெட்டியைப் பார்த்த இடத்திலேயே எஃப்54 கணக்கிலிருந்து போய்விட்டது.

மெயின் கேப்கள் ஏழையும் அந்தந்த பிளாக்கில் போல்ட் முறுக்கி வைத்த பிறகுதான் கிராங்க் உட்காரும் துளையை ஒரே ஓட்டத்தில் குடைவார்கள். இன்னொரு பிளாக்கின் கேப்பை மாட்டினால் போல்ட் அழகாகப் போகும், வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே மேல் பாதியும் கீழ் பாதியும் ஒரு மயிரிழை தள்ளி நிற்கும். கிராங்கைப் போட்டு முறுக்கினால் கையால் சுற்ற வராது, அல்லது சுற்ற வந்து பிறகு பேரிங்கைத் தின்னும். சரிசெய்யக் கேப்களைச் சீவி, முழு நீளமும் திரும்பக் குடைய வேண்டும். அந்த வேலை செய்தால் கிராங்க் கொஞ்சம் மேலே ஏறும், டைமிங் செயின் தளரும். எதற்கு?

86.11-ஐப் பார்த்துப் பயப்படாதீர்கள். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இருக்கவேண்டிய இடைவெளி 0.025 முதல் 0.045 மில்லிமீட்டர். அந்தக் கணக்கில் ஐந்தாவது மட்டுமில்லை, மற்றவையும் வெறும் ஹோனிங்கில் (சுவரை லேசாக உரசிச் சீராக்குவது) தப்பாது. ஆறையும் 86.5-க்குப் போர் செய்து புது பிஸ்டன் போடுங்கள். சுவர் கனமாக இருக்கிறது என்று நீங்களே அளந்துவிட்டீர்கள். பிஸ்டன் வந்து, ஒவ்வொன்றையும் அளந்த பிறகுதான் போரிங்குக்குக் கொடுக்கவேண்டும். போர் செய்யும்போது மேலே டார்க் பிளேட் (ஹெட் முறுக்கியதுபோல பிளாக்கை இறுக்கும் கனத் தகடு) முறுக்கிச் செய்யச் சொல்லுங்கள்.

இன்னொன்று கவனித்தீர்களா? புது பிஸ்டன் என்று ஆனபிறகு குழிவா, தட்டையா என்பது பிளாக்கைச் சேர்ந்த கேள்வியே இல்லை. அதை ஆர்டர் கொடுக்கும்போது நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். இ31-க்கு நான் 9-ஐ ஒட்டி வைப்பேன். குழி 8 சிசி இருந்தால் அங்கே வந்துவிடும்.

சுற்றுப்பாதை:

பெட்டிக் கேப் விஷயத்தில் அண்ணன் பக்கம்தான் நானும். பி79 பற்றி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

நெடுஞ்சாலைக்காரன்:

சரி, என்42 தான். நாளைக்கே போய்ச் சொல்லிவிடுகிறேன். ஆட்டோமேட்டிக் காரின் கிராங்க் என்பதால் என் ஃப்ளைவீலை மாட்டுவதில் ஏதாவது சிக்கல் வருமா?

கிரீஸ்கை:

துளைகள் ஒத்துப்போகும். கிராங்கின் பின்முனையில் ஆட்டோமேட்டிக்குக்கு உரிய பைலட் புஷ் இருக்கும். அதை எடுத்துவிட்டு மேனுவலுக்கு உரியதைத் தட்டி இறக்குங்கள், இல்லையென்றால் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்டின் நுனி தாங்கலில்லாமல் தொங்கும். ஃப்ளைவீலுக்கு அவர்களுடைய போல்ட்டைப் போடாதீர்கள். மெல்லிய தகட்டுக்கானது, நீளம் பத்தாது. உங்களுடையதும் வேண்டாம், புதிதாக வாங்குங்கள்.

கிராங்க் முன்பக்கத்தில் அதிர்வை அடக்கும் டேம்பரும் டைமிங் குறி காட்டும் தகடும் ஒரே எஞ்சினிலிருந்து வரட்டும். கலந்துவிட்டால் டைமிங் லைட் பொய் சொல்லும். ஆயில் பம்ப் ஷாஃப்டை இறக்கும்போது முதல் சிலிண்டர் உச்சியில் இருக்க, டிஸ்ட்ரிபியூட்டர் பொருந்தும் நாக்கு கடிகாரத்தில் 11:25 காட்டுகிற வாக்கில் நிற்கவேண்டும். ஒரு பல் தள்ளினால் டிஸ்ட்ரிபியூட்டரை எவ்வளவு திருப்பினாலும் இடம் போதாது.

ஸ்பார்க் பிளக் பக்கம், ஹெட்டுக்குச் சற்றுக் கீழே, பின்கோடியில் எஞ்சின் எண் அடித்திருக்கும். உங்கள் காரின் பதிவில் எஞ்சின் எண் இருந்தால், இறக்குவதற்கு முன்பே இந்த பிளாக்கின் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு அங்கே கேமரா நுழைக்கக் கஷ்டம்.