விடியல், உச்சிவெயில், அந்தி, இரவு, மழை: ஒரே செட்டில் லைட்டை மட்டும் வைத்துக் காட்டுவது எப்படி? (மேடைமூலை கேட்கிறார்; நிழல்கணக்கு, நீலவிளக்கு, க்யூஷீட் என்ற பெயர்களில் மூவர் பதில் சொல்கிறார்கள்.)

மேடைமூலை:

ஒரு மணி நேர நாடகம். செட் ஒன்றுதான்: ஒரு வீட்டு முற்றம், பின்னால் வெள்ளை சைக் துணி (வானமாகக் காட்டும் பின்திரை). கோடைக்காலத்து விடியலில் தொடங்கி அன்றைய இரவோடு அந்த நாள் முடிகிறது. கடைசி 15 நிமிடம் மட்டும் மழைக்காலத்துப் பிற்பகல். "பொழுது சாஞ்சிடுச்சே" என்கிற மாதிரி ஒரு வரிகூட வசனத்தில் கிடையாது, இயக்குநர் சேர்க்கவும் மாட்டார். லைட்தான் சொல்ல வேண்டும்.

கையில் இருப்பவை: 1000 வாட் ஃப்ரெனல் (ஓரம் மென்மையான வெளிச்சம் தரும் விளக்கு) 6, 25/50 ஜூம் ப்ரொஃபைல் (ஓரம் கூர்மையான, ஷட்டரால் வெட்டக்கூடிய விளக்கு) 4, ஆர்ஜிபிடபிள்யூ (சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை) எல்இடி பார் 8, சைக்குக்கு எல்இடி பேட்டன் (நீள விளக்கு வரிசை) 4, 24 சேனல் டிம்மர் (விளக்கைக் கூட்டிக் குறைக்கும் கருவி). நடிப்பிடம் 8 மீட்டர் அகலம், 6 மீட்டர் ஆழம். முன் பார் (விளக்கு தொங்கும் குழாய்) நடிப்பிடத்தின் மையத்திலிருந்து 7 மீட்டர் தள்ளி, தளத்திலிருந்து 5 மீட்டர் உயரத்தில். இரண்டு விங்கிலும் (மேடையின் பக்க மறைவுகளில்) 2 மீட்டர் இடம் உண்டு, ஸ்டாண்ட் வைக்கலாம்.

மூன்று சிக்கல். காலையும் மாலையும் ஒன்றுபோலவே தெரிகின்றன, இரண்டுக்கும் ஆம்பர்தான் (மஞ்சள் கலந்த ஆரஞ்சு) போட்டிருக்கிறது. இரவுக்கு எல்இடியில் முழு நீலம் கொடுத்தால் முகம் சாம்பல் பூசின மாதிரி ஆகிவிடுகிறது. ஆம்பரிலிருந்து நீலத்துக்கு ஃபேட் போகும்போது நடுவில் ரோஸ் வந்து நிற்கிறது. எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

நிழல்கணக்கு:

ஜெல் (விளக்கின் முன் மாட்டும் நிறத்தாள்) புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நிழலிலிருந்து தொடங்குங்கள். பொழுதைச் சொல்வது நிழல், நிறம் அதற்கு ஆமாம் போடும். 1.7 மீட்டர் உயர ஆளுக்கு, வெளிச்சம் 15 டிகிரியில் வந்தால் நிழல் 6.3 மீட்டர் நீளும். 30 டிகிரியில் 2.9 மீட்டர், 45-ல் ஆள் உயரமே, 60-ல் 1 மீட்டர்தான். உங்கள் முன் பார் முக உயரத்துக்கு ஏறத்தாழ 27 டிகிரியில் வருகிறது. முகம் தெரிய அது நல்ல கோணம். ஆனால் அதில் எந்த ஜெல்லைப் போட்டாலும் சூரியன் உதிக்காது, ஏனென்றால் நிழல் நடிகருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாத நிழலால் எந்தப் பொழுதையும் சொல்ல முடியாது.

சிறுபொழுது ஆறு என்று பழைய இலக்கணம் பிரித்து வைத்திருப்பது லைட்காரருக்கு ரொம்ப வசதி. எற்பாடு என்றால் சூரியன் சாயும் நேரம், மாலை அதற்குப் பிறகு. நாம் இரண்டையும் 'ஈவ்னிங்' என்று ஒரே க்யூவில் (ஒரே வெளிச்ச மாற்றத்தில்) போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். வைகறையில் சூரியன் இல்லை, ஆகவே கீ லைட்டே (முதன்மை வெளிச்சமே) கிடையாது, சைக்கும் மேலிருந்து மெல்லிய நீலமும் போதும். காலையில் ஒரு விங்கிலிருந்து 15–20 டிகிரி. நண்பகலில் மேலிருந்து 60–70. எற்பாட்டில் எதிர் விங்கிலிருந்து அதே 15–20. மாலையில் மறுபடியும் கீ இல்லை. யாமத்தில் நிலாவோ விளக்கோ. கிழக்கு எந்த விங் என்பதை ஒத்திகையின் முதல் நாளே முடிவு செய்து, கடைசிவரை மாற்றாதீர்கள். உங்கள் முதல் சிக்கலில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

இனி விங்கில் வைக்கும் அந்தக் காலைச் சூரியன். மேடை மையத்திலிருந்து 6 மீட்டர் தள்ளி ஸ்டாண்ட் நிற்கிறது. முகம் 1.5 மீட்டர் உயரம், 15 டிகிரி வேண்டும் என்றால் அதற்கு மேல் 1.6 மீட்டர் ஏற்ற வேண்டும். ஆக, லைட்டின் உயரம் 3.1 மீட்டர். தாளில் இது சரி. நடிகர் நடந்து விங் ஓரத்துக்கு வந்து, லைட்டுக்கும் அவருக்கும் 2 மீட்டர்தான் என்று ஆனவுடன் எல்லாம் கெடும்: கோணம் 39 டிகிரிக்கு ஏறுகிறது, நிழல் சுருங்குகிறது, லைட்டிலிருந்து முகத்துக்கு நேர்தூரம் 6.2 மீட்டரிலிருந்து 2.6-க்குக் குறைந்ததால் வெளிச்சம் ஏறத்தாழ 6 மடங்காகிறது. முகம் வெந்து வெளுத்துவிடும். ஆகவே ஒரே லைட்டில் மேடை முழுக்கக் கவர் பண்ணாதீர்கள். இரண்டு ப்ரொஃபைல் வையுங்கள். ஒன்றின் மையம் எதிர் ஓரத்தைப் பார்க்கட்டும்; பக்கத்தில் நிற்பவர் தலைக்கு மேலே அது போகும்படி கீழ் ஷட்டரை வெட்டுங்கள். இன்னொன்று அருகில் உள்ள பாதிக்கு மட்டும், தனிச் சேனலில், முதலாவதை விட மிகக் குறைந்த லெவலில். இரண்டும் சேரும் இடத்தில் ஓரத்தை லேசாக டீஃபோகஸ் செய்தால் கோடு தெரியாது. எதிர் விங்கிலும் இதே மாதிரி மீதி இரண்டு ப்ரொஃபைல்.

காலைக்கு லீ 152, எற்பாட்டுக்கு லீ 134 (லீ என்பது ஜெல் கம்பெனி, எண் அதன் நிற எண்). இவற்றைவிட முக்கியமானது முன் ஃபில் (நிழலைத் தணிக்க முன்னாலிருந்து வரும் மென் வெளிச்சம்). காலையில் ஃபில் ஏறிக்கொண்டே போக வேண்டும், எற்பாட்டில் இறங்கிக்கொண்டே வர வேண்டும். நிறம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும், வெளிச்சம் எந்தத் திசையில் நகர்கிறது என்பதை வைத்தே பார்வையாளர் பொழுதைப் புரிந்துகொள்வார்.

நண்பகலுக்கு மேல் பாரில் இரண்டு ஃப்ரெனல், லீ 202 (பாதி நீலத் திருத்தம்). 3200 கெல்வின் ஹாலஜனை அது 4300-க்கு ஏற்றும், பக்கத்தில் ஜெல் இல்லாத முன் ஃபில் இருப்பதால் கண்ணுக்கு வெள்ளையாகப்படும். முழு நீலத் திருத்தமான 201 வேண்டாம், அது மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்தைத்தான் விடுகிறது. உச்சிவெயிலில் வெளிச்சத்தை இழப்பது தற்கொலை. இவ்வளவு செங்குத்தாக வந்தால் கண்குழி கறுத்துவிடும். அது வெயிலின் உண்மைதான் என்றாலும், வசனம் பேசும் கண் தெரிய முன் ஃபில் 25–30% வேண்டும். தளம் வெளிர் நிறமாக இருந்தால் கீழிருந்து திரும்பும் வெளிச்சமே பாதி வேலையைப் பார்த்துவிடும்.

நீலவிளக்கு:

இரண்டாம், மூன்றாம் சிக்கலுக்கு நான் வருகிறேன்.

எல்இடியின் நீலம் குறுகிய அலைநீளத்தில் மட்டும் இருக்கும் ஒளி. தோல் அதிகம் திருப்பி அனுப்புவது சிவப்பையும் மஞ்சளையும்தான், நீலத்தை மிகக் குறைவாக. வந்த வெளிச்சத்தில் சிவப்பே இல்லாதபோது தோல் எதைத் திருப்பி அனுப்பும்? மாநிறமும் கறுப்பும் இன்னும் அதிகமாக அடிவாங்கும். நீலம் பின்னாலிருந்தும் மேலிருந்தும் வரட்டும், தலைமுடியிலும் தோளிலும் விளிம்பு போடட்டும். முகத்துக்கு வேறு ஒன்று: எல்இடி என்றால் வெள்ளை 25, நீலம் 35, சிவப்பு 8 என்று தொடங்கிக் கண்ணால் பார்த்துச் சரிசெய்யுங்கள் (ஒவ்வொரு கம்பெனி விளக்கும் ஒவ்வொரு மாதிரி, இந்த எண்களை அப்படியே நம்ப வேண்டாம்). ஃப்ரெனல் என்றால் லீ 053 லாவெண்டர், 15–20%. நிலா வெளிச்சத்துக்கு லீ 161 நல்லது. 119 மாதிரி அடர்நீலம் துணிக்கும் தளத்துக்கும் சரி, ஆளுக்கு வேண்டாம்.

இரவை நீலமாக ஏன் ஏற்றுக்கொள்கிறோம் என்பதற்குக் காரணம் உண்டு. வெளிச்சம் குறையும்போது கண் மிக அதிகமாக உணரும் நிறம் 555 நானோமீட்டர் பச்சையிலிருந்து 507 பக்கம் நகர்கிறது. சிவப்பு கறுத்துப்போகும், நீலப்பச்சை மேலே வரும். பர்கின்யே விளைவு என்பார்கள். ஆனால் நாடகத்தில் இருட்டைக் காட்டுவது நீலத்தைவிட ஒப்பீடுதான். முற்றத்தில் ஒரு விளக்கு எரியட்டும். அதைச் சுற்றி 1 மீட்டர் மஞ்சள், மீதி எல்லாம் தானாகவே இரவாகிவிடும். அந்த விளக்கு நிஜமாக முகத்தில் வெளிச்சம் போடாது. அதே திசையிலிருந்து ஒரு ஃப்ரெனலை ஜெல் இல்லாமல் 25–30%-ல் சேர்த்து எரியுங்கள், ஹாலஜன் அந்த லெவலில் தானே சிவந்துவிடும். செட் விளக்கில் 25 வாட் பல்பை மட்டும் டிம்மரில் மாட்டினால், லோடு போதாமல் பல டிம்மர் துடிக்கும். அதே சேனலில் பார்வைக்கு மறைவாக ஒரு 500 வாட் விளக்கை எங்காவது சுவரைப் பார்த்து வைத்தால் நிற்கும். எல்இடி பல்ப் போட்டுவிட்டு டிம்மரைத் திட்டாதீர்கள்.

பிரகாசமான காட்சியிலிருந்து நேராக இரவுக்கு வந்தால் பார்வையாளர் கண் பழக நேரம் ஆகும். இரவை 15 புள்ளி கூடுதலாகத் தொடங்கி, 2–3 நிமிடத்தில் யாருக்கும் தெரியாமல் இறக்குங்கள். லைட் போர்டு பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு மணி நேரம் இருட்டில் பழகிய கண்ணோடு லெவல் வைத்தால் எப்போதும் குறைவாகத்தான் வைப்பீர்கள்.

இனி அந்த ரோஸ். ஆம்பர் என்பது சிவப்பு 100, பச்சை 45, நீலம் 0. இரவு நீலம் என்பது அதே வரிசையில் 0, 15, 100. நேர்க்கோட்டில் போனால் பாதி வழியில் 50, 30, 50: பச்சை குறைவு, ரோஸ் வராமல் என்ன செய்யும்? ஒரே விளக்கை நிறம் மாற்றாதீர்கள். சூடான நிறத்தை ஃப்ரெனலும் ப்ரொஃபைலும் பார்த்துக்கொள்ளட்டும், எல்இடிக்கு நீலம் மட்டும். இது இறங்க அது ஏறட்டும். மாற்றியே ஆக வேண்டும் என்றால் நடுவில் 40, 42, 50 மாதிரி மங்கின வெள்ளையில் ஒரு க்யூ வைத்துத் தாண்டுங்கள். சைக்கில் மட்டும் கொஞ்சம் ரோஸ் இருந்துவிட்டுப் போகட்டும், அந்தி வானத்தில் அது உண்டுதானே.

க்யூஷீட்:

மேலே சொன்னதை வைத்து அந்தியை 6 நிமிடத்தில் இப்படிப் பிரிக்கலாம். முதல் 2 நிமிடம் விங் கீ 80-லிருந்து 55, முன் ஃபில் 40-லிருந்து 30. அடுத்த 2 நிமிடம் கீ 25-க்கு வரும், சைக்கின் அடிப்பகுதி ஆரஞ்சு 30-லிருந்து 60-க்கு ஏறும், மேல்பகுதி நீலத்துக்குப் போகத் தொடங்கும். கடைசி 2 நிமிடம் கீ பூஜ்யம், நீல பேக் லைட் 35, ஃபில் 15. சைக் அடியில் இருக்கும் சிவப்புக் கோடு எல்லாவற்றுக்கும் கடைசியாக, தனியாக 90 விநாடி எடுத்து அணையட்டும். மூன்றையும் ஆட்டோ ஃபாலோவில் கோத்துவிடுங்கள், ஆபரேட்டர் ஒருமுறை 'கோ' அடித்தால் போதும்.

எல்இடி 8 பிட் மோடில் இருந்தால் மொத்தம் 256 படிதான். 6 நிமிட ஃபேடில் அடிப்பகுதி படிப்படியாகக் குதிப்பது தெளிவாகத் தெரியும். விளக்கின் மெனுவில் 16 பிட் மோடு இருந்தால் அதற்கு மாற்றி, போர்டிலும் பேட்சை (எந்த விளக்குக்கு எந்தச் சேனல் என்ற அமைப்பை) மாற்றுங்கள். இல்லையென்றால் லீ 210 போடுங்கள், நிறம் மாறாது, கால் பங்கு வெளிச்சம்தான் வரும், ஆகவே 5%-ல் தவித்த விளக்கை 20%-ல் ஓட்டலாம்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன்: எல்இடி பாரை டிம்மர் சேனலில் சொருகாதீர்கள். ஃபுல்லில் வைத்தாலும் அது சுத்தமான மெயின்ஸ் இல்லை, பவர் சப்ளை போய்விடும்.

மேடைமூலை:

ப்ரொஃபைல் நான்கையும் விங்குக்கு மாற்றிப் பார்த்தாயிற்று, காலையும் எற்பாடும் இப்போது தனித்தனியாக நிற்கின்றன. நன்றி. மழைக்கு என்ன செய்வது? சைடில் ஸ்டீல் ப்ளூ போட்டால் திரும்பவும் நிலா இரவாகிவிடுகிறது. மின்னலுக்கு ஃப்ரெனலை டக்கென்று ஏற்றி இறக்கினால் மின்னலாகவே தெரியவில்லை.

நிழல்கணக்கு:

மழைநாளில் நிழல் கிடையாது. சைடில் எதைப் போட்டாலும் நிழல் விழும், நிழல் விழுந்தால் மேகம் கலைந்துவிடும். விங் விளக்கு நான்கையும் அணைத்துவிடுங்கள். மேல் பாரில் உள்ள ஃப்ரெனல்களை முழு ஃப்ளட்டில் (கற்றை முழுதும் விரிய) திறந்து லீ 117 ஸ்டீல் ப்ளூவுடன் 129 ஃப்ராஸ்ட் (வெளிச்சத்தைச் சிதறடிக்கும் தாள்). முன்னாலிருந்து தட்டையான ஃபில், மேலிருப்பதில் பாதி லெவல். சைக்கில் இப்படி வையுங்கள்: மேலே கருஞ்சாம்பல், அடியில் வெளிர். பச்சை கொஞ்சம் சேர்த்தால் கார்மேகம் வரும், ஆனால் சைக்கில் மட்டும், முகத்தில் பட்டால் நோயாளி. வீட்டு வாசலுக்குள்ளே ஒரு சின்ன மஞ்சள் தெரியட்டும். பிற்பகலிலேயே உள்ளே விளக்கு எரிகிறது என்றால் வெளியே மழை மூட்டம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஹாலஜன் இழை சூடாகவும் ஆறவும் நேரம் எடுக்கும், மின்னல் அதில் வராது. ஒரே பக்கத்தில், பின்னால் உயரத்தில் இரண்டு எல்இடியை வெள்ளையில் வைத்து, பூஜ்ய ஃபேடில் இரண்டு வெட்டு: ஒன்று சின்னது, கொஞ்சம் இடைவெளி விட்டுப் பெரியது. ஒவ்வொரு தடவையும் இடைவெளியை மாற்றுங்கள். இடி 1 கிலோமீட்டருக்கு 3 விநாடி தாமதம், மழை நெருங்குகிறது என்று காட்ட அந்த இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வரலாம். விநாடிக்கு மூன்றுக்கு மேல் வெட்டு வேண்டாம், வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து. அரங்க வாசலில் எச்சரிக்கை எழுதி ஒட்டுங்கள்.

நீலவிளக்கு:

117-ம் 129-ம் ஒரே ஃப்ரேமில் போகும்போது ஃப்ராஸ்ட் வெளிப்பக்கம் இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவில் சின்ன இடைவெளி இல்லையென்றால் சூட்டில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு ஃப்ரேம் வைக்க இடம் இருந்தால் தனித்தனியாகவே போடுங்கள். இன்னும் ஒன்று: முற்றத்துச் சுவரை சைக்கிலிருந்து 2 மீட்டராவது முன்னால் தள்ளுங்கள். இல்லையென்றால் மேல் ஃப்ரெனலின் சிதறல் துணியில் விழுந்து, நீங்கள் வைத்த கருஞ்சாம்பலை வெளுக்கடித்துவிடும். பின்பக்க பார்ன் டோரை (விளக்கின் முன் உள்ள மடக்குத் தகட்டை) எவ்வளவு இறக்கினாலும் ஃப்ராஸ்ட் போட்ட விளக்கு அதற்குக் கட்டுப்படாது.