மறு: சேட்டிலைட் பீக்கனுக்குத் தமிழ் – 'கூவி' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

சேட்டிலைட் பீக்கனுக்கு, அதாவது ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் சிறு கருவிக்கு, தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். 'அபாய அழைப்பான்', 'விண்பேசி', 'இடங்காட்டி', 'செய்மதிச் சமிக்ஞைக் கருவி' என்று நான்கு பரிந்துரைகள் வந்துவிட்டன. ஆளாளுக்கு வேறு வேறு பெட்டியை மனதில் வைத்துக்கொண்டு ஒரே பெயரைத் தேடுகிறோமோ என்று எனக்குச் சந்தேகம்.

> செயற்கைக்கோள் வழியாகப் போகும் எல்லாவற்றுக்கும் 'விண்பேசி' என்று வைத்துவிட்டால் என்ன? மக்களுக்கு எளிதில் புரியும்.

புரியும் ஐயா, தப்பாகப் புரியும். நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரன். எங்கள் பக்கத்து விசைப்படகுகள் சுறாவுக்கும் சூரைக்கும் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குபவை. படகில் இருக்கும் வயர்லெஸ் இருபது, இருபத்தைந்து கடல் மைலுக்கு மேல் எட்டாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது, முன்பே தொலைவில் போயிருந்த படகுகளுக்குச் செய்தி சொல்ல வழியில்லாமல் போனது இதனால்தான். அதன் பிறகு நாவிக் (ஜிபிஎஸ் போன்ற இந்தியாவின் சொந்த அமைப்பு) பெட்டி வந்தது. அது கைபேசியோடு புளூடூத்தில் சேர்ந்துகொண்டு புயல் எச்சரிக்கையைத் தமிழில் காட்டும். ஆனால் படகிலிருந்து ஒரு வார்த்தை திருப்பி அனுப்ப முடியாது. இன்னொரு பக்கம், இஸ்ரோவின் ஆபத்து அறிவிப்புக் கருவி ஒன்று 2010 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. அதில் பொத்தானை அழுத்தினால் செய்தி கரைக்குப் போகும். போய்ச் சேர்ந்ததா என்று அழுத்தியவனுக்குத் தெரியாது. 2024 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில்தான் 'கிடைத்தது' என்ற பதில் படகுக்குத் திரும்பி வருகிறது.

ஆக, ஒரு பெட்டிக்குக் காது மட்டும், இன்னொன்றின் பழைய வகைக்கு வாய் மட்டும். இரண்டும் உள்ளது சேட்டிலைட் போன். இந்த மூன்றையும் 'விண்பேசி' என்று அழைத்தால், நடுக்கடலில் ஒருவன் காது மட்டும் உள்ள பெட்டியை வாயருகே வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருப்பான். மற்ற இடத்தில் கலைச்சொல் கொஞ்சம் பிசகினால் கட்டுரை கெடும்; இங்கே ஆள் போய்விடுவான்.

சேட்டிலைட் போனுக்கு 'விண்பேசி' என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதில் பேசத்தான் செய்கிறார்கள். இரிடியம் நிறுவனத்தின் 66 செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 780 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு அந்தப் பேச்சை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கடத்துகின்றன. (முதலில் 77 கோள்கள் என்று திட்டமிட்டார்கள். இரிடியம் தனிமத்தின் அணு எண் 77. பெயர் வந்த கதை அதுதான். எண்ணிக்கை குறைந்த பிறகும் பெயரை மாற்றவில்லை. பெயர் வைப்பதில் நம்மைவிடப் பிடிவாதக்காரர்கள்.)

நமக்குச் சொல் இல்லாதது பீக்கனுக்கு. மலையேறுபவர்கள் தோள்பையில் மாட்டிக்கொள்வது, கப்பலிலும் விமானத்திலும் இருப்பது. திறந்துவிட்டால் 406 மெகாஹெர்ட்சில் விட்டுவிட்டுத் துடிக்கும். 'நான் இன்ன எண்ணுள்ள கருவி, ஆபத்தில் இருக்கிறேன்' என்பதையும், புதிய கருவியானால் இருக்கும் இடத்தையும் தவிர அதற்கு வேறு பேச்சு கிடையாது. மாதச் சந்தாவும் கிடையாது. பனிப்போர் நடந்துகொண்டிருந்தபோதே சோவியத் நாடும் அமெரிக்காவும் கனடாவும் பிரான்சும் கூடி உருவாக்கிய காஸ்பஸ்-சார்சாட் அமைப்பு அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. 1982 செப்டம்பரில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் விழுந்த சிறு விமானத்திலிருந்து மூன்று பேரைக் காப்பாற்றியதுதான் அதன் முதல் மீட்பு.

அப்போதைய கருவிகளில் ஜிபிஎஸ் கிடையாது. பிறகு இடத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ரயில் கூவிக்கொண்டு நெருங்கும்போது சத்தம் கீச்சென்று கேட்கும், நம்மைக் கடந்ததும் கம்மிப் போகும் அல்லவா? அதே போலக் கோள் தலைக்கு மேலே கடக்கும்போது கருவியின் அலைவெண் ஏறி இறங்குவதை அளந்து, அது எங்கே கிடக்கிறது என்று கணக்குப் போட்டார்கள். கூவலின் சுருதியை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கிற வேலை.

அதனால் என் பரிந்துரை: விண்கூவி.

பேசி பேசும், கூவி கூவும். 'தொலைபேசி', 'செல்பேசி' பழகிய காதுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. கூவுகிறவனுக்குப் பதில் வரவேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அந்தச் சொல்லில் இல்லை. வீட்டில் சொன்னபோது "என்ன, சேவலா?" என்று சிரித்தார்கள். இருக்கட்டும். கணினியின் 'சுட்டி'யைக் கேட்டும் முதலில் சிலர் சிரித்திருப்பார்கள்.

'வான்கூவி' ஆகாதா என்று ஒருவர் கேட்கக்கூடும். 'வான்' என்றால் விமானமும் வானொலியும் நினைவுக்கு வருகின்றன. விண்கலம், விண்வெளி வரிசையில் 'விண்' நிற்பதே நல்லது.

> இலங்கையில் நாங்கள் 'செய்மதி' என்றே எழுதுகிறோம். 'செய்மதிக் கூவி' என்றால் என்ன?

தாராளமாக. நேர்மையாகச் சொன்னால் 'செய்மதி' எங்கள் 'செயற்கைக்கோ'ளைவிட அழகு: செய்யப்பட்ட நிலா. எங்கள் சொல்லில் 'கோள் சொல்லுதல்' வேறு வந்து ஒட்டிக்கொள்கிறது. இரண்டு வழக்கும் அருகருகே இருந்துவிட்டுப் போகட்டும். 'கூவி' மட்டும் பொதுவாக இருந்தால் போதும்.

அடுத்து, டவர் இல்லாத இடத்திலிருந்து செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கக் கைபேசியிலேயே வரும் வசதி. 2022 நவம்பரில் ஐபோன் 14-க்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கினார்கள். இதைச் சகோதரி ஒருவர் 'விண் அழைப்பு' என்றிருந்தார். அழைப்பு என்றதும் 'ஹலோ' சொல்லக் காத்திருப்போம்; உள்ளே நடப்பது எழுத்துச் செய்தி. என்ன ஆபத்து, யாருக்குக் காயம் என்று திரையில் கேட்கும். பதிலைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கோள் இருக்கும் திசைக்குக் கைபேசியைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். வெட்டவெளியில் அரை நிமிடத்தில் போகும் செய்தி, மரத்தடியில் ஒரு நிமிடத்துக்கு மேலும் எடுக்கும். சோலைக்காட்டுக்குள் நின்றுகொண்டு நம்பி இருக்கக்கூடாது.

இந்தச் செயலுக்கு விண்கூப்பீடு என்று வைக்கலாம். 'கூப்பிடு தூரம்' இன்றும் பேச்சில் இருக்கிறது. ஒருவன் உரக்கக் கூப்பிட்டால் கேட்கும் தொலைவைக் கூப்பீடு என்றும், நான்கு கூப்பீடு ஒரு காதம் என்றும் பழையவர்கள் அளந்தார்கள். குரல் எட்டாத இடத்திலிருந்து கூப்பிட ஒரு வழி வந்திருக்கிறது. அதற்கு அந்தச் சொல்லையே கொடுப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. 'அபயம்', 'சமிக்ஞை' எல்லாம் அரசாணைக்கு ஆகும். பதற்றத்தில் திரையைப் பார்ப்பவனுக்குச் சட்டென்று பிடிபடும் சொல் வேண்டும்.

சிக்னல் இல்லாத இடத்துக்கு 'அலையிலி நிலம்' என்றவருக்கு: வேண்டாமே. 'டவர் இல்லாத இடம்' என்று ஊரே சொல்கிறது. அதைக் கலைத்து என்ன செய்யப்போகிறோம்?

ஞாயிறன்று படகுகள் கரையில் நிற்கும். இரண்டு சொல்லையும் நாலு பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். அவர்கள் வேறு சொல் வைத்திருந்தால் என்னுடையதை எடுத்துக் குப்பையில் போட்டுவிடலாம்.

பி.கு.: இமயமலைப் பயணத்துக்கு வெளிநாட்டிலிருந்து இரிடியம் வகைச் செய்திக் கருவி வாங்கிவரலாமா என்று கேட்டிருந்த தம்பிக்கு: அவசரப்பட வேண்டாம். இந்தியாவில் முன் அனுமதி இல்லாமல் சேட்டிலைட் போன் வைத்திருப்பது குற்றம். பேச வசதியில்லாத, செய்தி மட்டும் அனுப்பும் கருவியோடு விமான நிலையத்தில் மாட்டிக்கொண்ட வெளிநாட்டுப் பயணிகளும் உண்டு. தொலைத்தொடர்புத் துறையிடம் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு பையில் போடுங்கள்.