கட்டிப்பிடிக்க விடாத பிள்ளை: உங்கள் வீட்டில் எப்படி?

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். மகனுக்கு எட்டு வயது, ஆட்டிசம். சிறுமுகையிலிருந்து என் அம்மா வரும்போதெல்லாம் வீட்டில் மனவருத்தம்தான். "வா சாமி" என்று கையை நீட்டுவார். இவன் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். "என்னைக் கண்டாலே ஆகலையே இவனுக்கு" என்று அடுப்படியில் நின்று கண்ணைத் துடைப்பார். நானும் ஓரிரு முறை அவனை இழுத்துப் போய் அவர் மடியில் உட்கார வைத்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

அம்மாவுக்கு எங்கள் ஊர்க் குளிர் ஒத்துக்கொள்ளாது. மேட்டுப்பாளையம் தாண்டியதுமே கம்பளி ஸ்வெட்டர் ஏறிவிடும், நெற்றியிலும் மார்பிலும் நீலகிரித் தைலம். வந்ததும் அவன் கன்னத்தை வழித்து நெட்டி முறிப்பார். இந்த மூன்றும்தான் அவனுக்கு ஆகாதவை என்பது, தெரப்பிஸ்ட் ஒவ்வொன்றாகக் கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது. கம்பளி குத்துகிறது, தைலம் மூக்கை எரிக்கிறது, விரல் நுனி பட்டும் படாமல் போனால் உடம்பே கூசுகிறது. அதே பிள்ளை இரவில் இரண்டு ரஜாயைப் போர்த்திக்கொண்டு "இன்னும் அமுக்கு" என்பான்!

லேசாகத் தொட்டால் பதறுவதும் நன்றாக அழுத்தினால் அமைதியாவதும் ஆட்டிசம் உள்ள பலரிடம் உண்டாம், எல்லோரிடமும் இல்லை. ஆட்டிசம் உள்ள அமெரிக்க விலங்கியல் அறிஞர் டெம்பிள் கிராண்டின், ஊசி போட மாடுகளை நிறுத்தும் கூண்டு அவற்றை அமைதிப்படுத்துவதைப் பார்த்து, 18 வயதில் தனக்கே ஓர் அழுத்தும் கருவி செய்துகொண்டார். எவ்வளவு அழுத்த வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில்தான் இருந்தது. என் மனதில் தைத்தது அந்த இடம்தான்.

அடுத்த முறை அம்மா தைலம் பூசாமல், மெத்தென்ற பருத்திச் சால்வையோடு வந்தார். கூப்பிடவே இல்லை, திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் அவனே வந்து, முதுகைக் காட்டி அவர் முழங்காலில் சாய்ந்தான். "அமுக்கு அம்மிச்சி." இரண்டு தோளையும் பிடித்து அழுத்தினார். ஐந்து வரை எண்ணிவிட்டு எழுந்து போய்விட்டான். அவர் கை அப்படியே நின்றது.

உங்கள் வீட்டு அனுபவத்தையும் சொல்லுங்கள்.

*

அக்கா, நான் கொடைக்கானல். எனக்கே ஆட்டிசம், 27 வயது. அந்த "ஐந்து வரை" எனக்கு அப்படியே புரிகிறது. எப்போது முடியும் என்று தெரிந்தால் தாங்கிக்கொள்ளலாம், சில நாள் பிடிக்கவும் செய்யும். புலன் சார்ந்த இந்தக் கூச்சம் டிஎஸ்எம் என்ற, மனநல மருத்துவர்கள் நோய் கண்டறியப் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேட்டின் ஆட்டிசம் அடையாளங்களில் சேர்ந்ததே 2013-இல்தான். என் சின்ன வயதில் "திமிர் பிடித்தவள்" என்றுதான் உறவில் பேச்சு. கல்யாண வீடுகளில் சித்திகள் பின்னாலிருந்து வந்து கட்டிக்கொள்வார்கள்; சாப்பாடே இறங்காது.

என் அண்ணன் மட்டும் ஊருக்கு வந்தால் வாசலிலேயே நின்று "இன்னைக்கு ஓகேவா?" என்பான். இல்லை என்றால் சரி என்று பையை இறக்கிவிட்டு உள்ளே போவான், முகம் சுளிக்க மாட்டான். அப்பாவை நான் கட்டிப்பிடித்ததே இல்லை. பிளம்ஸ் சீசனில் அவருக்குப் பல் கூசும் என்று நன்றாகப் பழுத்ததாகப் பொறுக்கித் தோலுரித்துக் கிண்ணத்தில் வைப்பேன். அவர் ஒன்றுகூட மிச்சம் வைக்க மாட்டார்.