மடிப்பில் விழும் விரிசல்: வழி சொல்லுங்கள்

துக்கத்தில் குனிந்த உடல்போல், முகமில்லாத, உள்ளே வெற்றிடமான செராமிக் சிற்பம். உயரம் 45 செ.மீ., சுவர் 12 மி.மீ. உணர்வு முழுக்க அந்த உள்மடிப்பில்தான், விரிசலும் அங்கேயேதான்.

ஸ்டோன்வேர் மண் (உயர்சூட்டில் கல்போல் இறுகும் களிமண்), 20 சதவீதம் குரோக் (சுட்டுப் பொடித்த மண்துகள்), திரியாக உருட்டி அடுக்கியது. ஈரத்தில் ஒன்றும் தெரியாது. மண் காய்ந்து வெளுக்கும்போது மயிரிழையாகத் தொடங்கி, 1000 டிகிரி முதல் சூட்டில் வாய் பிளக்கிறது. மெல்லிய விளிம்பு முந்திச் சுருங்க, தடித்த மடிப்பு பின்தங்குகிறது. இடம் ஆரல்வாய்மொழி, ஆடிக்காற்று ஒரு பக்கமாகவே அடிக்கும், கேட்கவா வேண்டும்!

விளிம்பை பிளாஸ்டிக்கால் மூடியாயிற்று. இணைப்பைக் கீறி, வினிகர் கலந்த மண்குழம்பும் பூசியாயிற்று. அடியில் செய்தித்தாளும் விரித்தாயிற்று. குரோக்கைக் கூட்டினால் மடிப்பு சொரசொரத்துவிடுகிறது, அது வேண்டாம்.

வளைவு மாறாமல் இருக்க, மண்ணில் காகிதக்கூழ் சேர்ப்பதா, மடிப்பை உள்ளிருந்து சுரண்டிச் சுவரைச் சமமாக்குவதா?