எல்லையோர ஊர்களில் ஓட வழியும் துணையும்: உங்கள் அனுபவம் எப்படி?

பம்புசெட்டு:
சென்னை ரன்னர்ஸ், சோல்ஸ் ஆஃப் கொச்சின் மாதிரி பெயர் வைத்த ஓட்டக் குழு உள்ள ஊர் என்றால் கவலை இல்லை. முந்தின நாள் ஒரு மெசேஜ் போட்டு எங்கே கூடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளலாம். பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் அப்படித் தேடினால் ஆந்திராச் சித்தூர்தான் வந்து நிற்கும். ஸ்ட்ராவா ஆப்பில் எல்லோரும் போன வழிகளைக் காட்டும் ஹீட்மேப்பிலும் பளிச்சென்று தெரிகிற கோடெல்லாம் சைக்கிள்காரர்கள் போனது. ‘ஓட்டம்’ மட்டும் என்று மாற்றினால் பாதி காணாமல் போய்விடுகிறது.

வேலை விஷயமாக அந்தச் சித்தூரை அடுத்த கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தங்கினால் நான் மேப்பைத் திறப்பதே இல்லை. விடியற்காலையில் எந்த மைதானத்தில் விசில் சத்தம் கேட்கிறதோ அங்கே போய்விடுவேன். போலீஸ் வேலைக்குத் தயாராகும் பையன்கள்தான் அந்த ஊர்களின் ரன்னிங் கிளப். முதல் தடவை ஓரமாக நின்றபோது விசில் வைத்திருந்த மாஸ்டர், "ஏனுங்க, எந்த ஊருங்க? சும்மா நிக்காதீங்க, கூட ஓடுங்க" என்றார். உறுப்பினர் சேர்க்கை அவ்வளவுதான்.

அங்கே ஒரு வேடிக்கை. தமிழ்நாட்டுக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடித்தால் போதும். கேரளத்தில் அதே தூரத்துக்கு 5 நிமிடம் 44 வினாடி. என்ன, அங்கே எட்டு போட்டிகளில் ஏதாவது ஐந்தில் தேறினால் சரி. ஆக, ஒரே மைதானத்தில் மச்சானும் மாப்பிள்ளையும் இரண்டு கணக்கில் ஓடுகிறார்கள். கேரளக் கணக்குக்காரன் கடைசிச் சுற்றில் பல்லைக் கடித்துக்கொண்டு வர, பொள்ளாச்சிப் பக்கத்து மச்சான் பின்னாலேயே நிதானமாக வந்து, "எனக்கு இன்னும் ஒண்ணேகால் நிமிசம் கெடக்குது மாப்ளே" என்கிறான். மாஸ்டருக்குக் கோபம். "முண்டூர்ப் புள்ள சித்ரா ஓடுன தூரம்டா இது!" பி. யு. சித்ரா 2017, 2019 இரண்டு ஆசியத் தடகளப் போட்டிகளிலும் 1500 மீட்டரில் தங்கம் வாங்கியவர். அந்தப் பெயரைக் கேட்டதும் மச்சானும் கொஞ்சம் வேகம் கூட்டினான். நான் எந்தக் கணக்கிலும் தேறவில்லை, அது வேறு கதை.

நீண்ட ஓட்டத்துக்கு வழி சொன்னதும் அந்தப் பையன்கள்தான்: கால்வாய்க் கரை மண் ரோடு. தென்னையும் பனையும்தான், லாரி கிடையாது. ஆனால் காற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக் கணவாய் என்பதால் மார்கழி, தையில் கிழக்கிலிருந்து தள்ளும், ஆடியில் மேற்கிலிருந்து. போகும்போதே எதிர்காற்றை முடித்துவிட்டால் களைத்துத் திரும்பும்போது அது முதுகில் இருக்கும். பைக்கில் வருகிறவர்கள் நிறுத்தி "ஏறிக்கோங்க" என்பார்கள். பாவம், வண்டி கிடைக்காமல்தான் ஓடுகிறோம் என்று நினைப்பு.

பாலக்காடு டவுனில் தங்கினால் யோசிக்கவே வேண்டாம். ஹைதர் அலி 1766-இல் கட்டிய கோட்டையைச் சுற்றி நடைபாதை இருக்கிறது. காலையில் ஊரே அங்கேதான்.

நகரி மருமகள்:
பெண்களுக்கு இந்த மைதானக் கணக்கு எல்லா ஊரிலும் ஒத்துவராது அண்ணா. இருட்டில் தெரியாத கால்வாய்க் கரைக்கு நான் போக மாட்டேன். ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியில் நான் ஓடுவது தறிச் சத்தம் கேட்கும் தெருக்களில். ஒரே தெருவைத் திரும்பத் திரும்பச் சுற்றுவது அலுப்புதான், ஆனால் ஆள் நடமாட்டம் இருக்கும். நாய்களுக்கும் என் முகம் பழகிவிட்டது.

மேடு ஏறிப் பழக வேண்டுமென்றால் திருப்பதி. அலிபிரி வழியில் 3550 படி, ஸ்ரீவாரி மெட்டு வழியில் 2388. அலிபிரியில் ஒருமுறை மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு வந்த திருத்தணிக்காரப் பாட்டி நிமிர்ந்து பார்த்து, "மெதுவாப் போம்மா, பெருமாள் எங்கயும் போயிட மாட்டார்" என்றார். அப்புறம் எங்கே ஓடுவது? குங்குமக் கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிட்டார், கூடவே நடந்தேன். 2023-இல் அந்த வழியில் சிறுத்தை ஒரு குழந்தையைக் கொன்றது. அதன் பிறகு கட்டுப்பாடுகள் வந்தன. போவதற்கு முன் நேரம் விசாரித்துக்கொள்ளுங்கள், தனியாகப் போக வேண்டாம்.

எஸ்டேட்காரன்:
மூணாறு வருகிறவர்களுக்கு: தேயிலைக் காட்டு ரோடு போட்டோவில் அழகாக இருக்கும். 1,500 மீட்டர் உயரம், முதல் நாள் மூச்சு முட்டும், அது பழகிவிடும். படையப்பா என்று பேர் வைத்திருக்கிற காட்டு யானை பழகாது. அந்தக் கொம்பன் ரோட்டிலேயே வந்து நிற்கும். கிளம்புவதற்கு முன் பக்கத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்தில் "ஆனை எங்கே நிக்குது?" என்று கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் விடியுமுன் ஹெட்லைட் மாட்டிக்கொண்டு கிளம்பினார். டீக்கடை அக்கா கையைப் பிடிக்காத குறையாக உட்கார வைத்து, பனி விலகின பிறகுதான் விட்டார். அப்போதும் ரோட்டில் நல்ல குளிர்தான். ஜீப்புகள்தான் தொல்லை.