கொடி முதலா, பிளேட் முதலா? (2016 டிசம்பர் 5)

மயிலை மணி:
"யூடியூப் வந்துதான் செய்தியைக் கெடுத்தது. அதற்கு முன் தமிழ்ச் சேனல்கள் ஊர்ஜிதம் ஆகாமல் ஒரு வரிகூடப் போட்டதில்லை" என்று நெல்லைச்சீமை நேற்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. சார், 2016 டிசம்பர் 5 சாயங்காலம் நீங்கள் எந்த ஊரில் இருந்தீர்கள்? ஜெயலலிதா இறந்துவிட்டார் என்று வரிசையாகச் சேனல்கள் போட்டன. ராயப்பேட்டையில் அதிமுக தலைமை அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. கொஞ்ச நேரத்தில் அப்போலோ, "அது உண்மையில்லை, சிகிச்சை தொடர்கிறது" என்றது. இறங்கிய கொடி திரும்ப மேலே போனது. இரவு 11.30-க்கு உயிர் பிரிந்தது என்றுதான் மருத்துவமனை அறிவித்தது. சாயங்காலமே முடித்துவைத்தது யூடியூபா?

நெல்லைச்சீமை:
அன்றைக்குச் சேனல் மேல் ஒரு தப்பும் இல்லை. கட்சி அலுவலகத்திலேயே கொடியை இறக்கிவிட்டார்கள். கேமரா அதைக் காட்டியது. கட்சியைவிட வேறு யாரிடம் போய் ஊர்ஜிதம் செய்வது? எமனிடமா?

மயிலை மணி:
தலைகீழாகச் சொல்கிறீர்கள். டிவியில் பார்த்துவிட்டுத்தான் கொடியை இறக்கினார்கள்.

நெல்லைச்சீமை:
கொடிதான் முதல்.

மயிலை மணி:
டிவிதான் முதல்.

பழைய டெஸ்க்:
இரண்டு பேரும் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். இங்கே இதைப் பற்றிப் பேசத் தகுதி உள்ளவன் நான் ஒருவன்தான். அன்று மாலை ஒரு சேனலின் நியூஸ் டெஸ்க்கில் இருந்தேன். சேனல் பெயர் வேண்டாம், சம்பள பாக்கி இன்னும் வரவேண்டியிருக்கிறது.

டெஸ்க்குக்கு எதிர்ச் சுவரில் போட்டிச் சேனல்கள் எல்லாம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஒருத்தன் சிவப்பு பிளேட் (திரையில் வரும் பிரேக்கிங் செய்தி அட்டை) போட்டால் போதும், மேலேயிருந்து போன் வந்துவிடும்: "அவன் போட்டுட்டான், நாம என்ன பண்ணிக்கிட்டிருக்கோம்?" கிராஃபிக்ஸில் எல்லாம் முன்பே தயார். கறுப்பு வெள்ளைப் படம், 1948, ஒரு கோடு, 2016. அப்போலோ வாசலில், கிரீம்ஸ் ரோட்டில் நின்ற எங்கள் ரிப்போர்ட்டர் எங்களுக்கே போன் போட்டு, "சார், என்ன ஆச்சு? எல்லாரும் அழறாங்க" என்று கேட்கிறான். அவனை லைவில் எடுத்து, "அங்கே நிலைமை என்ன?" என்று நாங்கள் அவனைக் கேட்கிறோம்.

ஆனால் கொடிதான் முதல். என் கண்ணால் பார்த்தேன்.

மயிலை மணி:
எங்கே பார்த்தீர்கள்? டெஸ்க்கில் உட்கார்ந்து டிவியில்தானே? அப்போது டிவிதானே முதல்?

பழைய டெஸ்க்:
கொடி இறங்குவதை டிவியில் பார்த்தேன். மரணச் செய்தி பிளேட் அதற்கப்புறம் வந்தது. இது புரிய தனியாகப் படிக்கவா வேண்டும்?

சும்மா ஒருத்தன்:
நடுவில் ஒரு சந்தேகம். ஜெயலலிதா மரணத்தை விசாரித்த ஆறுமுகசாமி ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டசபையில் வைக்கப்பட்டது. இறந்தது டிசம்பர் 4 மதியம் 3 மணிக்கும் 3.50-க்கும் இடையில் என்று அதில் இருக்கிறது. அதன்படி பார்த்தால் சேனல்கள் ஒரு நாள் லேட். சும்மா சொன்னேன்.

நெல்லைச்சீமை:
பார்த்தீர்களா? டிவியை நம்பலாம், ஆஸ்பத்திரியைத்தான் நம்ப முடியாது.

மயிலை மணி:
அதெப்படி? 2022-ல் வந்த அறிக்கையை 2016-லேயே படித்துவிட்டா பிளேட் போட்டார்கள்? குருட்டாம்போக்கில் எறிந்த கல் பட்டால் அதற்கும் பத்திரிகை தர்மம் என்று பெயரா?

கலாவதி டீச்சர்:
எனக்கு இந்தக் கொடிச் சண்டை வேண்டாம். அன்று பிளேட்டில் "கவலைகிடம்" என்று க் இல்லாமல் ஓடியது, அதைச் சொல்ல ஒருவரும் இல்லை. வானொலியில் "செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி" என்று கேட்டு வளர்ந்த காதுக்கு, தூர்தர்ஷனில் ஷோபனா ரவி வாசித்துக் கேட்ட காதுக்கு, இப்போது வருகிற "மலை வெல்லம்" தாங்கவில்லை. மழை என்று சொல்லத் தெரியாதவர்களுக்கு எதற்கு வானிலை அறிக்கை?

பழைய டெஸ்க்:
டீச்சர், அந்தக் காலத்துச் செய்தி வாசிப்பாளருக்குக் கையில் எழுதித் தருவார்கள், ஒரு முறை படித்துப் பார்க்க நேரம் இருக்கும். இன்றைக்குப் பி.சி.ஆர். என்கிற கட்டுப்பாட்டு அறையில் இருந்து ஒருத்தர் காதுக்குள் கத்திக்கொண்டே இருக்க, ஒன்பது பேர் பெட்டி பெட்டியாகச் சண்டை போட, நடுவில் உட்கார்ந்திருக்கிற பையனுக்கு ழகரம் எங்கிருந்து வரும்? அப்புறம், அந்த அரசாங்கச் செய்தியின் லட்சணம் சொல்லவா? 1984 அக்டோபர் 31 காலை 9 மணி வாக்கில் இந்திரா காந்தியைச் சுட்டார்கள். பி.பி.சி. கேட்டவனுக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது. நம் வானொலி வாயைத் திறந்தது சாயங்காலம். சுத்தமான உச்சரிப்பு, சரி. செய்தி எங்கே?

கலாவதி டீச்சர்:
ஒரு நாள் மூடி வைத்ததற்காகத் தினமும் தப்பாகக் கத்தலாமா? நல்ல நியாயம். கொடியைப் பற்றிக் கேட்டால் இந்திரா காந்தி என்பீர்கள் போல.

பழைய டெஸ்க்:
கொடியைப் பற்றி நீங்கள் எங்கே கேட்டீர்கள்? "க்" பற்றித்தானே கேட்டீர்கள்?

கேபிள் பாண்டி:
எல்லாம் டி.ஆர்.பி. அண்ணே. ரேட்டிங்கை நிறுத்துங்கள், தானாக அடங்கிவிடுவான்கள்.

பழைய டெஸ்க்:
தம்பி பாண்டி, நிறுத்திப் பார்த்தாகிவிட்டது. மும்பை போலீஸ் டி.ஆர்.பி. மோசடி வழக்கு போட்டதும் ரேட்டிங் கணக்கெடுக்கிற பார்க் (BARC) அமைப்பு 2020 அக்டோபரில் செய்திச் சேனல் ரேட்டிங்கை நிறுத்தியது. திரும்ப வந்தது 2022 மார்ச்சில். ஏறக்குறைய ஒன்றரை வருடம் மார்க்கே கிடையாது. அந்த ஒன்றரை வருடத்தில் எவன் சத்தத்தைக் குறைத்தான்? பிரேக்கிங் பட்டையாவது சின்னதானதா? மார்க் போடாவிட்டாலும் கத்துவது பழகிவிட்டது. தட்டிக் கேட்கவும் ஆளில்லை. சேனல்களே வைத்துக்கொண்ட அமைப்பு 2023-ல் போட முடிந்த அதிகபட்ச அபராதம் 1 லட்சம், அது எப்படிப் போதும் என்று அந்த வருடம் உச்ச நீதிமன்றமே கேட்டது. அரை நிமிட விளம்பரத்தில் எடுத்துவிடுவார்கள்.

2019 அக்டோபரில் மணப்பாறை நடுக்காட்டுப்பட்டியில் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தபோது நானும் ஷிஃப்ட்டில் இருந்தேன். 25-ம் தேதி மாலை தொடங்கி 29 அதிகாலை வரை லைவ், நடுவில் தீபாவளி. ரிக் இயந்திரம் பாறையில் முட்டி நிற்கிறது, காட்ட ஒன்றுமே இல்லை. கிணற்றைப் படமாக வரைந்து, குழந்தையை ஒரு பொம்மையாக உள்ளே வைத்து, அடிக்கணக்கு மாறும்போதெல்லாம் பொம்மையைக் கீழே நகர்த்தச் சொன்னார்கள். அந்த பொம்மையை நகர்த்திய பெண் அதோடு வேலையை விட்டுப் போனவள்தான்.

மயிலை மணி:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! கெட்டுப்போனது டிவிதான், யூடியூப் அல்ல. கடைசியில் என் பக்கம் வந்துவிட்டீர்கள்.

பழைய டெஸ்க்:
யார் பக்கமும் வரவில்லை. கொடிதான் முதல்.

நெல்லைச்சீமை:
அதே நடுக்காட்டுப்பட்டிக்கு யூடியூப்காரன் வரவில்லையா? தம்ப்நெயிலில் அவன் என்னென்ன போட்டான் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். டிவியாவது பொம்மையோடு நின்றது.

கலாவதி டீச்சர்:
"டிவியாவது." எவ்வளவு பெரிய சர்டிபிகேட்.

சும்மா ஒருத்தன்:
மணி சாருக்கு டிவி மேல் இவ்வளவு கோபம் எதற்கு? போன தேர்தல் சமயம் இதே இடத்தில் ஒரு சேனல் கருத்துக்கணிப்பை நம்பி எல்லாரிடமும் பந்தயம் கட்டினாரே, அந்தக் கணக்கா?

மயிலை மணி:
பந்தயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பணம் கொடுத்தாகிவிட்டது.

கேபிள் பாண்டி:
எனக்கு இன்னும் வரவில்லை அண்ணே.

மயிலை மணி:
பாண்டி, உன் கேபிளில் பாதி நாள் படமே வராது. நீ கணக்குக் கேட்கிறாயா? பழைய டெஸ்க் சாருக்கு ஒரே கேள்விதான்: நீங்கள் பார்த்த கொடிக் காட்சியை எந்தச் சேனல், எத்தனை மணிக்குக் காட்டியது? நேரத்தைச் சொல்லுங்கள், போதும்.

பழைய டெஸ்க்:
பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்டில் இருந்தவனிடம் நிமிடக் கணக்கு கேட்கிறீர்கள். வீட்டில் காபி குடித்துக்கொண்டே பார்த்தவர் நீங்கள், நீங்கள் சொல்லுங்களேன்.

மயிலை மணி:
ஆக, நேரம் தெரியாது. இந்த லட்சணத்தில் வேலை செய்தால் சம்பளம் எப்படிக் கொடுப்பார்கள்?

பழைய டெஸ்க்:
சம்பளத்தை இழுத்தது அநாகரிகம். அட்மினுக்கு எழுதியிருக்கிறேன். அவர் பதில் சொல்லும்வரை இந்தப் பக்கம் வரமாட்டேன்.

பழைய டெஸ்க்:
டீச்சர், "கவலைக்கிடம்" எங்கள் சேனலில் சரியாகத்தான் ஓடியது. தப்பாகப் போட்டது பக்கத்துச் சேனல்.

கலாவதி டீச்சர்:
பெயரே சொல்லாத சேனலுக்குப் பக்கத்துச் சேனல் எது?