அயியா நாப்பா மடாலயத்தைப் பார்க்க ஏற்ற நேரம் எது?

கேள்வி (கோண்டாவில்):
சைப்பிரசிலுள்ள தம்பியிடம் அம்மாவுடன் செல்கிறேன். இரவு விடுதிகளும் உல்லாசப் பயணிகளும் நிறைந்த அயியா நாப்பா நகரின் நடுவிலுள்ள பழைய மடாலயத்தை அம்மா ஆறுதலாகப் பார்க்க எந்த நேரம் நல்லது?

பதில் 1:
காலையிலேயே போங்கள் அக்கா. வெனிசியர் சைப்பிரசை ஆண்ட காலத்தில் (1489–1571) எழுந்த அந்த உயர்ந்த மதிலைத் தாண்டியதும் தெருச் சந்தடி அடங்கிவிடும். முற்றத்தில் நான்கு தூண்கள் தாங்கும் குவிமாடத்தின் கீழுள்ள, புடைப்புச் சிற்பங்கள் செதுக்கிய எண்கோணப் பளிங்கு நீரூற்றின் அருகே நான் நெடுநேரம் இருந்தேன். தேவாலயத்தின் ஒரு பகுதி பாறையைக் குடைந்தது. படியிறங்கும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பதில் 2:
கோயிலுக்குப் போவதுபோல் தோளும் முழங்காலும் மறைய உடுத்துங்கள். களைத்தால், வெளியே நிற்கும் முதிய காட்டத்தி மரத்தின் நிழலில் அம்மாவை இருத்துங்கள்.